உன்ஜு நீட்டிய கால்

சிவமலருக்குக் கோபம் முதலில் காதுகளில்தான் வரும்.

இரண்டு காதுகளும் சூடாகும். பிறகு கழுத்து சூடாகும். பிறகு கைவிரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவளுக்கே தெரியாது. நடந்து முடிந்த பின்புதான் தெரியும்.

போன மாரியில் அப்படித்தான் ஆனது. ரெட்டோ என்ற பையன் அவளுடைய கம்பளித் தொப்பிக்குள் பனியை நிரப்பி, அதை அவள் தலையிலேயே வைத்து அழுத்தினான். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது, ரெட்டோ பனியில் உட்கார்ந்திருந்ததுதான். அவனுடைய கையுறை அவன் வாய்க்குள்ளேயே இருந்தது.

வகுப்பாசிரியை திரேசா அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்கள் மகளிடம் நிறையப் பலம் இருக்கிறது. அதைச் செலவழிக்க ஓர் இடம் வேண்டும். பள்ளி மண்டபத்தில் டேக்வாண்டோ வகுப்பு நடக்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்த அம்மா செல்வராணி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அடிக்கிற பிள்ளையை அடிக்கப் பழக்கிற இடத்துக்கோ அனுப்பச் சொல்லுறா? இதென்ன நியாயம்?"

அப்பா குகநாதன் சிரித்தார். "பழகினாளெண்டால் அளவா அடிப்பாள், விடும்."

அப்படித்தான் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில், பதினொரு வயதில், மலர் வெள்ளை உடுப்பும் வெள்ளைப் பட்டியும் கட்டிக்கொண்டாள். முதல் நாள் போனால், அங்கே ரெட்டோவும் நின்றான். அவன் ஏற்கெனவே மஞ்சள் பட்டி.

ஆனாலும் அந்த வகுப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. அங்கே எல்லாம் நேராக இருந்தன. நேராக நிற்க வேண்டும். நேராகக் குனிந்து வணங்க வேண்டும். இடுப்பைத் திருப்பினால் கால் ஈட்டி மாதிரி நேராகப் போகும். உதைக்கும்போது வயிற்றிலிருந்து கத்தலாம். கத்தினால் ஒருவரும் ஏச மாட்டார்கள். அவளுடைய கோபத்துக்குப் போக ஒரு பாதை கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அவளுடைய கால் யார் மீதாவது பட்டால், உடனே அவளுடைய கை போய் அவர்களைத் தொட்டுவிட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் செய்வதுதான். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். ஒரு புத்தகத்தில் கால் பட்டாலும் அப்படித்தான். ஆனால் உதைப்பதற்காகவே நடக்கும் வகுப்பில் அதைச் செய்தால் என்ன ஆகும்?

"பாருங்கள், பாருங்கள்! உதைத்துவிட்டுத் தடவிக் கொடுக்கிறாள்!" என்று ரெட்டோ மண்டபம் அதிரக் கத்தினான்.

அந்தப் பழக்கத்தை விட அவளுக்கு இரண்டு மாதம் எடுத்தது. உதைத்த உடனே வலது கையால் தன் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கை எங்கேயும் போகாது.

*

அது 1988ஆம் ஆண்டு, ஜூன் மாதம். அந்த இலையுதிர் காலத்தில் கொரியாவின் சியோல் நகரத்தில் ஒலிம்பிக் நடக்கப்போகிறது. டேக்வாண்டோவை அங்கே முதன்முறையாகக் காட்டப்போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில், பயிற்றுநர் ஹெர் ஹூபர் வின்டர்தூரிலும் ஒரு காட்சி வைக்க முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மண்டபத்தில், பெற்றோர் எல்லோருக்கும் முன்னால்.

ஹெர் ஹூபர் பகலில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மாலையில் கறுப்புப் பட்டி கட்டினால் அவருடைய முதுகு இன்னும் ஒரு சாண் உயர்ந்துவிடும். மண்டபச் சுவரில் அவர் பெரிய போஸ்டர் ஒன்றை ஊசி குத்தி மாட்டியிருந்தார். "டேக்வாண்டோ: இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கொரியக் கலை" என்று அதில் இருந்தது.

காட்சிக்கு அவர் மலரை உன்ஜுவோடு சோடி சேர்த்தார்.

உன்ஜு கொரியப் பிள்ளை. ஒரு வருடத்துக்கு முன்புதான் வந்தவள். அவளுடைய அம்மா நகர மருத்துவமனையில் தாதி. "உண்மையான கொரியப் பெண்! நமக்கு எல்லாம் காட்டித்தருவாள்" என்று முதல் நாளே ஹெர் ஹூபர் அவளை முன்வரிசையில் நிறுத்தினார். ஆனால் அவர் "ஹானா, துல், செட்!" என்று கொரிய மொழியில் எண்ணத் தொடங்கியதும், உன்ஜுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எண்ணுவது சுவிஸ் ஜெர்மன் மாதிரி கேட்டதாம். அன்றிலிருந்து அவருக்கு அவள் மேல் ஒரு சின்ன மனத்தாங்கல்.

காட்சிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அன்று புதன்கிழமை.

"ஒன்று!" என்றார் ஹெர் ஹூபர்.

மலர் நேராக உதைத்தாள். உன்ஜு உதைக்கவில்லை. அவள் முழங்காலை மடித்து, ஒரு காலை முன்னே வைத்து, பின்னே எடுத்து, மறுகாலை வைத்து, ஊஞ்சல் மாதிரி ஆடினாள். கைகள் தொளதொளவென்று தொங்கி அசைந்தன. பிறகு எங்கிருந்தோ அவளுடைய கால் மேலே வந்தது.

"இக்கு!" என்று ஒரு சத்தமும் போட்டாள்.

"விக்கலா? தண்ணீர் கொண்டு வரவா?" என்றான் ரெட்டோ. எல்லோரும் சிரித்தார்கள்.

மலரும் சிரித்தாள். அதைத்தான் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

"நிறுத்து!" என்றார் ஹெர் ஹூபர். "உன்ஜு, எத்தனை முறை சொல்வது? இது நடன வகுப்பு இல்லை. முதுகு நேராக! கை இறுக்கமாக! நீங்கள் இரண்டு பேரும் ஓர் உடம்பு மாதிரி அசைய வேண்டும். அடுத்த புதனும் இப்படித்தான் என்றால், இரண்டு பேருக்கும் பெஞ்ச்தான். காட்சி கிடையாது."

இரண்டு பேருக்கும்!

மலரின் காதுகள் சூடாகின.

*

உடை மாற்றும் அறையில் மலர் பையைத் தூக்கி எறிந்தாள்.

"நீ வேண்டுமென்றே செய்கிறாயா?"

"இல்லை. என் கால் அப்படித்தான் போகிறது" என்றாள் உன்ஜு.

"அப்படியானால் நேராகப் போகச் சொல்!"

"நான் பிழையாகச் செய்யவில்லை." உன்ஜுவுக்கு சுவிஸ் ஜெர்மன் அரைவாசிதான் வரும். சண்டை பிடிக்க அரைவாசி போதும். "இது வேறு. இதன் பெயர் தெக்கியோன். எங்கள் ஊர் சுங்ஜுவில் மாமா பழக்கினார். உன்னுடையதைவிட இதுதான் பழையது."

"பொய்! போஸ்டரில் இரண்டாயிரம் ஆண்டு என்று இருக்கிறது."

"போஸ்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லும்! டேக்வாண்டோ என்ற பெயரைவிட என் அம்மாவுக்கு வயது கூட!"

"உன் அம்மாவுக்கு இரண்டாயிரத்து ஒரு வயதா?"

உன்ஜுவின் முகம் சிவந்தது. "சனிக்கிழமை. ஆற்றங்கரைப் புல்வெளி. வா. எது நல்லது என்று பார்ப்போம்."

"வருவேன். நீ வராமல் விடாதே."

வீட்டில் அப்பா அன்று வேளைக்கே வந்திருந்தார். ஹோட்டல் சமையலறையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அங்கே அதிகக் கூட்டம். மூன்று வருடத்தில் அவர் ஒரு ஞாயிறுகூட வீட்டில் நின்றதில்லை.

"மலர், ஒரு சேதி," என்றார் அவர், கோப்பியை ஆற்றிக்கொண்டே. "ஞாயிறு லீவு கேட்டுட்டன். செஃப் ரெண்டு தரம் என்ரை முகத்தைப் பாத்தவர். 'என்ன, சுகமில்லையோ' எண்டு கேட்டவர். 'இல்லை, என்ரை மகள் மேடையிலை ஏறுறாள்' எண்டு சொன்னன்."

"சமையலறையிலை இருக்கிற எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். பஸ்ஸிலை வந்த தில்லைநாயகி அக்காவுக்கும் சொல்லிப்போட்டார்," என்றாள் அம்மா.

"சொன்னால் என்ன? என்ரை பிள்ளை உதைக்கிறதை நான் பாக்க வேண்டாமோ?"

மலர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த புதன் பெஞ்சில் இருந்தால், அப்பாவுக்கு என்ன சொல்வது? எல்லாம் அவளால்தான். அந்த உன்ஜுவால்தான். அவள் உன்ஜுவை நினைத்துச் சோற்றை இறுக்கிப் பிசைந்தாள்.

"அது சோறு. சுவருக்குப் பூசுற சீமெந்து இல்லை," என்றாள் அம்மா.

*

சனிக்கிழமை காலை. ஒய்லாக் ஆறு சின்ன ஆறுதான். கரையில் புல் நனைந்திருந்தது.

மலர் குனிந்து வணங்கினாள். கோபமாக இருந்தாலும் வணக்கம் வணக்கம்தானே. உன்ஜுவும் குனிந்தாள். பிறகு உன்ஜு செய்த காரியத்தை மலரால் நம்ப முடியவில்லை.

உன்ஜு தன் வலது காலை எடுத்து மலரை நோக்கி நீட்டி வைத்தாள். மலரின் கால்விரலுக்கும் அவள் கால்விரலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. வைத்துவிட்டு, "உம், வா" என்பது போலக் காத்திருந்தாள்.

காலை நீட்டுகிறாள்! எனக்கு நேரே!

வீட்டில் பெரியவர்கள் முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தால், அம்மாவின் ஒரு பார்வை போதும், கால் தானாக மடங்கும். இவள் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறாள்.

காது, கழுத்து, விரல்கள் எல்லாம் ஒரே நொடியில்.

மலர் கத்திக்கொண்டு உதைத்தாள். அவளுடைய கால் ஈட்டி மாதிரிப் போனது. ஆனால் போன இடத்தில் உன்ஜு இல்லை. உன்ஜு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் குதிகாலால் தூண்டில் போடுவது போல மலரின் ஊன்றிய காலைக் கொளுவி இழுத்தாள்.

பொத்.

மலர் ஈரப் புல்லில் கிடந்தாள்.

எழுந்தாள். மறுபடியும் உன்ஜு காலை நீட்டினாள். மறுபடியும் மலர் பாய்ந்தாள். பொத்.

மூன்றாவது முறை, உன்ஜு காலை நீட்டி வைக்கும் வரை மலர் காத்திருக்கவில்லை. இடுப்பைத் திருப்பி முழுப் பலத்தோடு உதைத்தாள். அது உன்ஜுவின் தொடையில் பட்டது. டப் என்ற சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

உன்ஜு சுருண்டு உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் ஓடியது.

மலர் வென்றுவிட்டாள். ஆனால் உள்ளே வென்ற மாதிரி ஒன்றும் இல்லை. அவள் பட்டி கட்டியிருக்கவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத அவளுடைய கை, போய் உன்ஜுவின் தொடையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

உன்ஜு மூக்கை உறிஞ்சினாள். "அது என்ன?"

"ஒன்றுமில்லை."

"சொல். வகுப்பிலும் செய்தாய். நான் பார்த்தேன்."

"எங்கள் வீட்டில்..." மலருக்குச் சொல்லவே எரிச்சலாக இருந்தது. "கால் பட்டால் மரியாதைக் குறைவு. அதனால் தொட்டுக் கும்பிடுவோம். நீயும் சிரி. சிரித்து முடி."

உன்ஜு சிரிக்கவில்லை. "உங்கள் வீட்டில் காலுக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதா? பிறகு ஏன் நான் கால் வைத்தபோது நீ வைக்கவில்லை?"

"நீதானே என்னை அவமானப்படுத்தினாய்! காலை நீட்டி!"

"அவமானமா?" உன்ஜு அழுகையை மறந்துவிட்டாள். "அது உபசாரம்! தெக்கியோனில் முதலில் உன் காலை எதிராளிக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு இருக்கை கொடுப்பது போல. ஓடி ஒளியமாட்டேன், இதோ என் கால், நீயும் உன் காலை வை என்று சொல்வது. இரண்டு பேரும் வைத்த பிறகுதான் விளையாட்டு. நீ ஒவ்வொரு முறையும் வைக்காமலே அடித்தாய். நான் கதவைத் திறந்தேன், நீ கதவை உடைத்தாய்."

மலர் புல்லைப் பார்த்தாள். ஈரத்தில் உன்ஜுவின் காலடிகள் இருந்தன. முதல் இரண்டு முறையும், நேராக அவளை நோக்கி.

அவளுடைய கோபம் அப்படியே நின்றது. ஆனால் யார் மேல் நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை.

"வலிக்கிறதா?"

"ஆம். தெக்கியோனில் இப்படி உதைக்கமாட்டோம். பாதத்தால் தள்ளுவோம். விழுந்தால் தோல்வி, அவ்வளவுதான். எலும்பு உடையக் கூடாது. திருவிழாவில் பக்கத்து ஊரோடு விளையாடுவது. அடுத்த நாள் அவர்களோடு வயல் வேலை செய்ய வேண்டாமா?" உன்ஜு தொடையைத் தேய்த்தாள். பிறகு திடீரென்று அவளே கோபமானாள். "உன் உதை நல்லாயிருக்கிறது. எனக்கு அது வரவில்லை. அந்த ஹூபர் 'நீ கொரியப் பிள்ளை, காட்டு' என்கிறார். எனக்குத் தெரிந்ததைக் காட்டினால் பிழை என்கிறார். எனக்கு டேக்வாண்டோ தெரியாது, மலர்! அங்கே நான் ஒருநாளும் பழகவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஒருவரும் அதை நம்பமாட்டார்கள்."

தன் முகத்தைப் பார்த்தும் இந்த ஊர் எத்தனை விஷயத்தை முடிவு செய்திருக்கிறது என்று மலருக்குத் தெரியும்.

"எழும்பு," என்றாள். "இடுப்பைத் திருப்பு. முதலில் முழங்கால் மேலே. பிறகுதான் பாதம். முழங்காலைத் துப்பாக்கி என்று நினை."

"எனக்குத் துப்பாக்கி பிடிக்காது."

"எனக்கும்தான்." மலர் யோசித்தாள். "சரி, டார்ச் லைட் என்று நினை."

அன்று மதியம் வரை அவர்கள் அங்கேதான் நின்றார்கள். ஒரே உதையை இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள். மலரின் உதை கோட்டில் போனது. உன்ஜுவின் உதை வளைவில் வந்தது. மலருக்கு நிலம் என்றால் ஊன்றி நிற்கும் இடம். உன்ஜு கண்ணுக்குத் தெரியாத ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையிலும் மாறி மாறி மிதித்துக்கொண்டேயிருந்தாள், நிலம் சுடுகிறது என்பது போல.

மலரும் மிதித்துப் பார்த்தாள். முழங்கால் மடங்க மறுத்தது.

"இக்கு!" என்றாள்.

"உனக்குத்தான் விக்கல்," என்றாள் உன்ஜு.

*

செவ்வாய்க்கிழமை மலர் நகர நூலகத்துக்குப் போனாள். போஸ்டர் அவள் மனத்தில் முள்ளாக இருந்தது. விளையாட்டுப் பகுதியில், தடித்த ஒரு புத்தகத்தில், விரல் வைத்து வாசித்தாள்.

டேக்வாண்டோ என்ற பெயரை வைத்தது 1955ஆம் ஆண்டில். அதற்கு முன், ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில், பழைய கலைகளைப் பழக முடியவில்லை. பின்னால் டேக்வாண்டோவை உருவாக்கிய ஆசிரியர்களில் பலர் ஜப்பானில் கராத்தே படித்தவர்கள். தெக்கியோன் பற்றி இரண்டே வரி: பழைய கால்விளையாட்டு, ஏறக்குறைய மறைந்துபோனது, 1983இல் கொரிய அரசு அதைப் பாதுகாக்க வேண்டிய கலை என்று அறிவித்தது.

முப்பத்துமூன்று வயது! அப்பாவைவிட இளையது!

மலர் புத்தகத்தை மூடிய சத்தத்தில் நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

இந்த முறை கோபத்தை அப்படியே விடக் கூடாது என்று அவள் நினைத்தாள். கத்தினால், அவள் கத்தியதைப் பற்றித்தான் ஹெர் ஹூபர் பேசுவார். அதனால் புதன்கிழமை வகுப்புக்குப் போகுமுன், இடது உள்ளங்கையில் பேனையால் மூன்று வாக்கியங்கள் எழுதிக்கொண்டாள்.

வகுப்பில் முதலில் சோடி உதை. "ஒன்று! இரண்டு! மூன்று!" மலரும் உன்ஜுவும் ஓர் உடம்பு மாதிரி உதைத்தார்கள். உன்ஜுவின் முதுகு நேர். கை இறுக்கம்.

ஹெர் ஹூபர் மலர்ந்துபோனார். "அருமை! உங்களுக்குக் காட்சியில் இடம் உண்டு. பார்த்தாயா உன்ஜு, அந்த ஆட்டத்தையெல்லாம் விட்டதும் எவ்வளவு அழகு! இப்போதுதான் நீ உண்மையான கொரியப் பெண்."

அதோடு எல்லாம் முடிந்திருக்கலாம். மலருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்பா ஞாயிறு வருவார், பார்ப்பார், கைதட்டுவார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

உன்ஜு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலர் குனிந்து வணங்கினாள். உள்ளங்கையை விரித்தாள்.

"ஹெர் ஹூபர், டேக்வாண்டோ என்ற பெயருக்கு முப்பத்துமூன்று வயது. அதை உருவாக்கியவர்களில் பலர் கராத்தே படித்தவர்கள்." மூன்றாவது வாக்கியம் வியர்வையில் அழிந்திருந்தது. நீல மை மட்டும்தான் இருந்தது. அவள் கையை மூடினாள். "உன்ஜு செய்தது ஆட்டம் இல்லை. அதுதான் பழையது. நீங்கள் அதைப் பிழை என்கிறீர்கள்."

ரெட்டோ உதைக்கத் தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

ஹெர் ஹூபரின் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்தது. அட, இவருக்குக் கோபம் கழுத்தில் தொடங்குகிறது என்று மலர் நினைத்தாள்.

"பன்னிரண்டு வருடமாக நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா?"

"இல்லை. உங்களுக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள்."

"இது டேக்வாண்டோ வகுப்பு! பெஞ்ச். இரண்டு பேரும்!"

பெஞ்ச் குளிர்ந்திருந்தது. மலருக்குக் கண் எரிந்தது. ஞாயிறு. லீவு. செஃப். பஸ்ஸில் வந்த தில்லைநாயகி அக்கா. எல்லாம் போய்விட்டது.

"ஏன் சொன்னாய்? நான் உன்னைக் கேட்கவில்லையே," என்றாள் உன்ஜு. அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"அன்று நானும் சிரித்தேன். அதுதான்," என்றாள் மலர். பிறகு மூக்கைத் துடைத்தாள். ஹெர் ஹூபர் வகுப்புக்கு வகுப்பு பத்துத் தடவை சொல்லும் ஒரு சொல் அவளுக்கு ஞாபகம் வந்தது. "உன்ஜு, நீ போய் அவருக்கு முன்னால் காலை வை."

"பைத்தியமா? உதைப்பார்!"

"உதைக்கமாட்டார். வா."

அவள் உன்ஜுவை இழுத்துக்கொண்டு நடுமண்டபத்துக்குப் போனாள். உன்ஜு வணங்கினாள். வலது காலை ஹெர் ஹூபரை நோக்கி நீட்டி வைத்தாள்.

"இது என்ன திமிர்?" என்றார் அவர்.

"திமிர் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்து இவளை உதைத்துவிட்டேன்," என்றாள் மலர். "இது மரியாதை. உள்ளே வாருங்கள் என்று கூப்பிடுவது. நீங்கள்தானே சொல்வீர்கள், முதலில் மரியாதை, பிறகுதான் உதை என்று? இப்போது நீங்கள் உங்கள் காலை வைக்க வேண்டும்."

ஹெர் ஹூபர் அந்தச் சின்னக் காலைப் பார்த்தார். மலரைப் பார்த்தார். மரியாதை என்று சொன்ன பிறகு அவரால் திரும்பிப் போக முடியவில்லை. தன் பெரிய காலைக் கொண்டுவந்து அதற்கு எதிரே வைத்தார்.

"மெதுவாக," என்றார். யாருக்குச் சொன்னாரோ தெரியாது.

அவர் மெதுவாகத்தான் உதைத்தார். உன்ஜு ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். "இக்கு!" குதிகால் கொளுவியது.

கறுப்புப் பட்டி ஹெர் ஹூபர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்தார். உடுப்பைச் சரிசெய்தார். மறுபடியும் காலை வைத்தார். மறுபடியும் உட்கார்ந்தார். மூன்றாவது முறை அவர் விழவில்லை. உன்ஜுவைப் போலவே முழங்காலை மடித்துத் தப்பிவிட்டார். அப்போது அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை.

"இன்னொருமுறை காட்டு. அந்தக் குதிகால் எங்கே போகிறது?"

உன்ஜு காட்டினாள்.

"காட்சியில் இரண்டு நிமிடம் தருகிறேன்," என்றார் அவர் கடைசியில். இன்னும் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான். "ஆனால் இதற்கும் சோடி வேண்டுமே. விழ யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் மலரைப் பார்த்தார்கள்.

"அவள்தான் நன்றாக விழுவாள்," என்றாள் உன்ஜு. நன்றிகெட்டவள்.

*

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. போஸ்டர் இருந்த இடத்தில் நான்கு ஊசி ஓட்டைகள்தான் இருந்தன. முன்வரிசையில் அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தார். அம்மா பச்சைச் சேலை.

சோடி உதைக்கு நல்ல கைதட்டல். அப்பா எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். அதோடு இறங்கிப் போய்விடலாம் என்று மலருக்கு ஆசையாக இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறு. அதில் அவர் தன் மகள் விழுவதைப் பார்க்க வேண்டுமா?

ஹெர் ஹூபர் ஒலிவாங்கியில் சொன்னார்: "அடுத்தது, எங்கள் கலையைவிட மூத்த ஒரு கலை. எனக்கு இதைப் பற்றிப் போன புதன்தான் தெரியவந்தது."

உன்ஜு காலை வைத்தாள். மலரும் வைத்தாள்.

பொத்.

நாற்காலி ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது. "எழும்பு பிள்ளை!" என்று தமிழில் ஒரு குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அம்மா அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

மலர் எழுந்தாள். காதுகள் எரிந்தன. மூன்று மூலையிலும் மிதித்தாள். இந்த முறை பாய்ந்து போகவில்லை; காத்திருந்தாள். உன்ஜுவின் கால் வந்தபோது, பாதத்தை வைத்துத் தள்ளினாள். உன்ஜு தடுமாறி, கைகளை விரித்து, ஒற்றைக் காலில் மூன்று முறை துள்ளினாள். கூட்டம் "ஓ!" என்றது. ரெட்டோ அவள் பெயரைப் பாதியாக வெட்டி "சிவா! சிவா!" என்று கத்தினான்.

ஆனால் உன்ஜு விழவில்லை. திரும்பி வந்து குதிகால் தூண்டிலைப் போட்டாள்.

பொத்.

இருவரும் வணங்கினார்கள். கைதட்டல் நிற்க நேரம் எடுத்தது. உன்ஜுவின் அம்மா தாதி உடுப்போடேயே வந்து பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பஸ் தரிப்பில் மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பிள்ளை உன்னை ரெண்டு தரம் விழுத்திப்போட்டாள், என்ன?"

"ஓம்."

"அவளோடை கோவமோ?"

"இல்லை அப்பா. அவள் என்ரை சிநேகிதி."

"அப்ப உங்கடை மாஸ்டரோடையோ?"

"இல்லை."

"பிறகு ஆரோடை இந்த முகம்?"

மலர் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று இந்த முறை அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"என்ரை இடது முழங்காலோடை," என்றாள். "நான் மடங்கச் சொன்னனான். அது பிந்தித்தான் மடங்கினது."

அப்பா குனிந்து அந்த முழங்காலைக் கடுமையாகப் பார்த்தார்.

"நாளைக்கு நல்லாய் ஏசிவிடு," என்றார். "இண்டைக்குப் பாவம், களைச்சுப்போச்சு."